எங்கள் மலைக்கு வந்த குமாரசுவாமி

கண்டியைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் ஆகச் சிறந்தது எது என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: 1908இல் அச்சாகி வெளிவந்த ‘மெடீவல் சிங்களீஸ் ஆர்ட்’, அதாவது இடைக்காலச் சிங்களக் கலை. எழுதியவர் ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் கொழும்பில் பிறந்தவர். நான் அக்குறணைக்காரன். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டினால் வருகிற ஊர். பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் கடைவீதியே தண்ணீரில் நிற்கும். வியாபாரத்துக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அங்கே இருந்துகொண்டு ஒரு சிங்களக் கலை நூலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறாயே, உனக்கு என்ன வந்தது என்று கூட்டாளிமார் கேட்கிறார்கள். காரணம் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிடப் போகிறேன்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒரு ஜப்பானியர். ஒகாகுரா ககுசோ ஆங்கிலத்தில் எழுதி 1906இல் நியூயோர்க்கில் வெளிவந்த ‘தேநீர் நூல்’ கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தேயிலை மலைக்குள் பிறந்து வளர்ந்தவன் அட்டையில் தேநீர் என்று கண்டால் கை சும்மா இருக்குமா? சின்னப் புத்தகம். ஆனால் தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்து ஜப்பானின் கட்டடம், பூ அலங்காரம், ஓவியம், சென் பௌத்தம், தாவோ தத்துவம் அத்தனையையும் மேற்கத்தியருக்கு விளக்கிவிடுகிறார் மனிதர். யோகோஹாமாவில் பட்டுக்கடை நடத்தியவரின் பிள்ளை அவர். துறைமுக ஊர் என்பதால் சிறு வயதிலேயே ஆங்கிலம் படித்தார். மேற்கு மோகத்தில் ஜப்பானியர் தங்கள் கோயில் சிற்பங்களையே குப்பையென்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கரான பெனொலோசாவோடு ஊர் ஊராகப் போய் அவற்றைப் பதிவு செய்தார். தலைமுறை தலைமுறையாகத் துணி சுற்றி மறைத்து வைத்திருந்த ஹோர்யூஜி கோயிலின் கன்னொன் சிலையை இவர்கள் திறந்து பார்த்த கதையை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த ஒகாகுராதான் பின்னாளில் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சீன, ஜப்பானியக் கலைப் பிரிவை நடத்தியவர். 1913இல் காலமானார். நான்கு வருடம் கழித்து, 1917இல், அதே அருங்காட்சியகத்தில் இந்தியக் கலையைப் பொறுப்பெடுத்தவர் யார் என்று தேடினேன். நம் குமாரசுவாமி! கிழக்கை மேற்குக்கு விளங்க வைக்கும் வேலையை ஒரே கூரையின் கீழ் முதலில் ஒரு ஜப்பானியரும் அடுத்து ஓர் இலங்கையரும் செய்திருக்கிறார்கள். இருவரையும் இணைத்த இன்னொரு கை சகோதரி நிவேதிதாவினுடையது. ஒகாகுராவின் ‘கிழக்கின் இலட்சியங்கள்’ நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவர். அவர் 1911இல் இறந்தபோது பாதியில் நின்ற இந்து, பௌத்தப் புராணக் கதைகளின் தொகுப்பை முடித்து 1913இல் கொண்டுவந்தவர் குமாரசுவாமி. கல்கத்தாவில் தாகூர் குடும்பத்து வீடு இருவரையுமே வரவேற்ற வீடு. இதெல்லாம் தெரியவந்த அன்றிலிருந்து குமாரசுவாமியைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை சேர் முத்து குமாரசுவாமி சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1863இல் வெளியிட்டவர். பாளி நூல்களையும் மொழிபெயர்த்திருக்கிறார். சைவத் தமிழர் ஒருவர் பௌத்த நூலை ஆங்கிலத்தில் தருகிறார் என்றால், பிள்ளைக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துவின் சகோதரி பிள்ளைகள். ஆனந்தா பிறந்தது 1877 ஓகஸ்ட் 22. இரண்டு வயது முடியுமுன்பே தந்தை போய்விட்டார். தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்துத் தேறினார். ஆமாம், கல்லும் செடியும் படித்தவர்! கலை அவருக்குப் பாடமே இல்லை.

இங்கேதான் கதை எங்கள் மலைக்கு வருகிறது. இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் பணிப்பாளராக 1903இல் அவர் நியமிக்கப்பட்டார். அதற்கு முன்னரே இங்கே வந்து கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார். கண்டிக்குக் கிழக்கே அம்பகோட்டைக்குப் பக்கத்தில் கங்கபிட்டிய என்ற இடத்தில் கிடைத்த ஒரு நீலக் கனிமத்தை, பிரையர் என்ற ஆங்கிலேய அறிஞரோடு சேர்ந்து, உலகத்துக்குப் புதியது என்று அறிவித்தார். அதற்கு வைத்த பெயர் செரண்டிபைட். அரபு மாலுமிகள் இந்தத் தீவை அழைத்த செரந்தீப் என்ற பெயரிலிருந்து எடுத்தது. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் வந்த அரபிகள் மூவரின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று எங்கள் ஊரில் வாப்பாமார் சொல்லும் மரபுக்கதை உண்டு. மாணிக்கக்கல் வியாபாரமும் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஆகவே கண்டி மண்ணில் பிறந்த ஒரு நீலக்கல் அந்தப் பெயரோடு உலகக் கனிமப் பட்டியலில் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு எப்படியிருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். இலங்கையில் அவர் கண்டெடுத்த இன்னொரு கனிமம் தோரியனைட். கதிரியக்கம் உள்ளது, 1904இல் லண்டனில் ஆராய்ந்து பெயரிட்டார்கள். இந்த ஆய்வுகளுக்காகவே லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

கல் தேடி ஊர் ஊராகப் போனவரின் கண்ணில் மனிதர்கள் பட்டார்கள். பித்தளை வார்ப்பவர், பாய் நெய்பவர், அரக்கு வேலை செய்பவர், விகாரைச் சுவரில் சித்திரம் தீட்டுபவர். கூடவே மனைவி எதெல், கையில் புகைப்படக் கருவியோடு. அவர் படம் பிடிக்க, இவர் குறிப்பெடுக்க, கைவினைஞர் ஒவ்வொருவரிடமும் கருவியின் பெயர் என்ன, வண்ணம் எதிலிருந்து எடுக்கிறீர்கள், இந்தக் கொடிவேலைக்கு என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரியாகப் பங்களாவில் இருந்து எழுதிய எழுத்து அல்ல இது. பட்டறைத் தரையில் உட்கார்ந்தவர் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் அது தெரிகிறது. கண்டியப் பிரதானிகளுக்கு 1905இல் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். ஆங்கிலேய உடையையும் பழக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்களைக் கண்டித்து, கண்டியிலேயே ஒரு சிறு பிரசுரம் போட்டார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்து, பிள்ளைகளுக்குச் சிங்களமும் தமிழும் ஒழுங்காகக் கற்பியுங்கள் என்று வாதாடினார். அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

இந்த நூலை வீட்டில் இருந்து படித்தால் பாதிதான் கிடைக்கும். நான் வேண்டிய பக்கங்களைப் பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். முதலில் எம்பெக்கே. பேராதனை தாண்டித் தவுலகல பக்கம் போனால் கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம், 14ஆம் நூற்றாண்டு, கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது. முன்மண்டபத்து மரத்தூண்களைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. பொதுவாக வருகிறவர்கள் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஐயோ, அப்படிச் செய்யாதீர்கள்! ஒரு தூணுக்கு முன்னால் குந்தியிருங்கள். ஒவ்வொரு சதுரப் பலகைக்குள்ளும் ஒரு தனி உலகம். கழுத்தோடு கழுத்துப் பின்னிய இரண்டு அன்னங்கள். பின்னல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலை வைத்து ஓட்டினால் விரல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். பக்கத்தில் மல்லர் இருவர் பிடியில். அடுத்ததில் இரட்டைத் தலைப் பறவை. இன்னொன்றில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். குதிரைவீரன், நடனப் பெண்கள், தாமரை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மண்டபம் முழுவதிலும் 514 வேலைப்பாடுகள் என்று அங்கே கணக்குச் சொல்வார்கள்.

நூலை விரித்து வைத்துக்கொண்டு பார்க்கும்போது இந்த உருவங்களுக்கெல்லாம் பெயரும் இலக்கணமும் இருப்பது தெரியவருகிறது. அன்னப் பின்னலுக்கு ஹன்சபூட்டுவ, கொடிக்கு லியவெல, இதழ் வரிசைக்குப் பலாபெத்தி. தச்சன் நினைத்தபடி செதுக்கவில்லை. தன் ஆசானிடம் கற்ற வடிவத்தைத் தன் கையால் புதிதாகச் சொல்லியிருக்கிறான். நம் கிராமத்துப் பாட்டுக்காரர் பழைய மெட்டில் புதுப் பாட்டுக் கட்டுகிறாரே, அதே வேலைதான். இதை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னவர் குமாரசுவாமி ஒருவர்தான். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தால் அங்கே இன்னோர் அதிசயம். 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரே மர ஆப்பு. மடோல் குருபாவ என்பார்கள். என்னோடு வந்த மருமகன் பொறியியல் படிக்கிற பிள்ளை. “மாமா, இதக் கணக்குப் போட்டவன் யாரு?” என்று வாயைப் பிளந்தான். தெல்மட தேவேந்திர மூலாச்சாரி என்ற பெருந்தச்சனைச் சொல்கிறது மரபு.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் லங்காதிலக்கவும் கடலாதெனியவும். இரண்டும் 1344ஆம் ஆண்டோடு தொடர்புபட்டவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி. தென்னிந்தியக் கற்கோயிலை அப்படியே கொண்டுவந்து பௌத்த விகாரையாக்கியிருக்கிறார். லங்காதிலக்கவின் பாறையில் சிங்களக் கல்வெட்டும் உண்டு, தமிழ்க் கல்வெட்டும் உண்டு. கண்டி மலையுச்சியில், 14ஆம் நூற்றாண்டில், ஒரு பௌத்த விகாரையின் சேதியைத் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்! எங்கள் பாடசாலைக் காலத்தில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. வரலாறு என்றால் சண்டைகளின் பட்டியல் என்றுதான் நாங்கள் படித்தோம். ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி போய்வந்த கைகளையும் உளிகளையும் பற்றிய வரலாற்றை நான் குமாரசுவாமியிடம் கற்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனதைக் கொள்ளை கொண்டது மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலை. ஹாப்புவித என்ற பெயர் அந்த நூலில் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து மாத்தளை எட்டுகிற தூரம். அந்த ஊர் நகவேலைக்கு நியப்பொத்து வெட என்று பெயர். கைவினைஞர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். சிரட்டைக்கரித் தணலில் அரக்கைக் காட்டி இளக்குகிறார். இளகியதும் இழுக்கிறார், நூல்போல மெலிந்து வருகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. அந்த நூலைத் தடியின் மேல் வைத்து, இடது கையால் தடியை உருட்டிக்கொண்டே, நீளமாக வளர்த்த வலது பெருவிரல் நகத்தால் அறுத்து அறுத்துப் பதிக்கிறார். கத்தி இல்லை, தூரிகை இல்லை. நகம் மட்டுந்தான்! பிறகு ஓர் ஓலைத் துண்டால் தேய்க்கிறார். கண்முன்னே பளபளப்பு ஏறுகிறது. தணலுக்கும் தடிக்கும் நடுவே அவருக்கிருந்த நேரம் சில நொடிகள்தான். ஆறினால் அரக்கு ஒட்டாது. “அவசரப்படவும் ஏலாது, சுணங்கவும் ஏலாது மாத்தயா,” என்றார் சிங்களத்தில். நூலில் வாசித்த அதே செய்முறை, அதே வரிசை. நூறு வருடத்துக்கு முன் குமாரசுவாமி எழுதிவைத்த கை அசைவை என் கண்ணால் கண்டேன்.

அங்கே நான் வாங்கிய கைத்தடி இப்போது வீட்டு ஹோலில் இருக்கிறது. வருகிறவர்கள் பிளாஸ்ரிக்கா என்று கேட்கிறார்கள். உட்கார வைத்து முழுக்கதையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

நூலில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிற பகுதி நேத்திர மங்கல்யம். புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு. கண் எழுதும்வரை சிலை வெறும் கல். எழுதிய பின்தான் அது வணக்கத்துக்குரியது. ஆகவே சிற்பாச்சாரி நேருக்கு நேர் பார்த்துக் கண் வரைய மாட்டார். கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரியும் முகத்தைப் பார்த்தபடி தோளுக்கு மேலாகத் தூரிகையைக் கொண்டுபோய் வரைவார். முடிந்ததும் அவருடைய கண்ணைக் கட்டி வெளியே அழைத்துச் செல்வார்கள். கட்டு அவிழ்ந்ததும் முதல் பார்வை விழும் பொருளை வாளால் வெட்டுவார். என்ன மாதிரியான காட்சி இது! மைக்கல் ஒண்டாச்சி 2000இல் எழுதிய ‘அனில்ஸ் கோஸ்ட்’ நாவலில் இந்தச் சடங்கு உயிரோடு எழுந்து நிற்கிறது. அதைச் செய்கிற பாத்திரத்தின் பெயர் ஆனந்தா! நாவலை வாசிக்கும்போது அந்த இடத்தில் நான் எழும்பி நின்றுவிட்டேன்.

நூலை அச்சிட்ட விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1907இல் இங்கிலாந்து திரும்பிய குமாரசுவாமி, புரோட் கம்டன் என்ற கிராமத்தில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தைப் பழுதுபார்த்து வீடாக்கிக் குடியேறினார். கைவினை இயக்கத்தின் ஆஷ்பி அதைச் செய்து கொடுத்தார். வில்லியம் மொரிஸ் தன் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கை அச்சுப்பொறி அப்போது அங்கே இருந்தது. அதில்தான், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, ஒரு வருடத்துக்கும் மேலாக, இந்த நூல் தாள் தாளாக அச்சேறியது. மொத்தம் 425 பிரதிகள். கையால் செய்யும் தொழிலைப் போற்றுகிற நூலை இயந்திரத்தில் அச்சடிக்க மனம் வரவில்லை அவருக்கு. கண்டித் தச்சனின் அன்னப்பின்னலும் லண்டன் மொரிஸின் அச்சுக்கலையும் ஒரே தாளில் சந்தித்தன. கிழக்கும் மேற்கும் சந்திப்பது பற்றி எத்தனையோ பேர் மேடையில் பேசியிருக்கிறார்கள். குமாரசுவாமி அதைக் கையில் தொட்டுப் பார்க்கும்படி செய்து காட்டினார்.

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு உடன்பாடு என்று சொல்ல வரவில்லை. அரசனின் நான்கு பட்டறைகளான பட்டல் ஹதர பற்றியும், நிலமானியம் பெற்று வாழ்ந்த கைவினைஞர் பற்றியும் அவர் எழுதும்போது சாதி அமைப்பை மிக அழகாக்கிக் காட்டுகிறார். தும்பறைப் பாய் நெய்தவர்கள் அந்த அழகின் அடியில் எவ்வளவு ஒடுங்கிக் கிடந்தார்கள் என்பதை அவர் எழுத்து அழுத்திச் சொல்வதில்லை. அது ஒரு குறைதான். ஆனாலும் கைவினைஞனை அறிஞனுக்குச் சமமாக, சில வேளை ஒருபடி மேலாக, உட்கார வைத்தவர் அந்தக் காலத்தில் வேறு யார்? கலைஞன் என்று தனியாக ஒரு மனித இனம் இல்லை, தன் வேலையைச் செம்மையாகச் செய்கிற எவனும் கலைஞன்தான் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. கடைக்காரனாகிய எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

தமிழ் வாசகர்களுக்கு அவரைத் தெரிந்தது பெரும்பாலும் நடராசர் வழியாகத்தான். ‘சிவ நடனம்’ கட்டுரை முதலில் வந்தது அமெரிக்காவில் அல்ல. சென்னையிலிருந்து வந்த ‘சித்தாந்த தீபிகை’ இதழில், 1912இல். திருமந்திரத்திலிருந்தும் உண்மை விளக்கத்திலிருந்தும் எடுத்துக் காட்டி, தூக்கிய திருவடிக்கும் உடுக்கைக்கும் தீக்கும் பொருள் சொன்னார். 1918இல் நியூயோர்க்கில் அது நூலாகியது. பிரெஞ்சுப் பதிப்புக்கு ரொமெய்ன் ரோலண்ட் முன்னுரை எழுதினார். சிற்பி ரொடன் நடராசர் பற்றி எழுதிய பக்கங்கள் 1921இல் பாரிசில் வெளிவந்தபோது அதே தொகுதியில் குமாரசுவாமியின் எழுத்தும் இருந்தது. ஜெனிவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் 2004இல் இந்திய அரசு நடராசர் சிலை நிறுவியது. அதன் விளக்கப் பலகையில் குமாரசுவாமியின் பெயரைப் பார்க்கலாம். இன்று உலகில் எந்த அருங்காட்சியகத்தில் நடராசர் முன் நின்று யார் விளக்கம் சொன்னாலும், அந்த விளக்கத்தில் பாதி எங்கள் கண்டி வீதிகளில் மாட்டுவண்டியில் அலைந்த மனிதரிடமிருந்து போனது.

இனி என் சொந்தப் பெருமைக்கு வருகிறேன். பொஸ்டனில் அவர் பொறுப்பில் இருந்தது இந்தியக் கலை மட்டுமல்ல, பாரசீக, இஸ்லாமியக் கலையும்தான். 1206 வாக்கில் அல் ஜஸரி எழுதிய தானியங்கிக் கருவிகள் பற்றிய அரபு நூலின் சித்திரத் தாள்கள் பொஸ்டனில் இருந்தன. நீர்க்கடிகாரங்கள், தானாகத் தண்ணீர் ஊற்றும் பொறிகள். அவற்றை ஆராய்ந்து 1924இல் தனி நூலே எழுதினார் குமாரசுவாமி. அதற்கு முன் 1912இல், மிர்ஸா தாவூத் என்ற பாரசீகரோடு சேர்ந்து, நவ்ஈ என்ற கவிஞரின் பாரசீகக் காவியத்தை ஆங்கிலத்தில் தந்தார். அக்பர் காலத்து முஸ்லிம் கவிஞர் ஓர் இந்துப் பெண்ணின் காதலைப் பாரசீகத்தில் பாட, அதை இலங்கைத் தமிழர் ஒருவர் ஆங்கிலமாக்குகிறார்! இதைவிட என்ன வேண்டும்?

அதற்கும் மேலே ஒன்று. 1934இல் ‘ஆர்ஸ் இஸ்லாமிக்கா’ என்ற ஆய்விதழின் முதல் தொகுதியில் அவர் எழுதிய கட்டுரை ஹிழ்ர் (அலை) அவர்களைப் பற்றியது. சூரத்துல் கஹ்ஃபில் மூஸா நபி (அலை) சந்திக்கும் அந்த ஞானவான். மொகலாய ஓவியங்களில் பச்சை அங்கியோடு மீன்மேல் நின்று நீரைக் கடப்பவர். அவரையும் சிக்கந்தரின் ஜீவநீர்த் தேடலையும் இந்திய நதி வழிபாட்டுக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார் குமாரசுவாமி. மக்தப்பில் சின்ன வயதில் கேட்ட கதையை இப்படி ஒருவர் உலகப் பரப்பில் விரித்து வைப்பதைக் கண்டு எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. கதிர்காமத்துப் பள்ளிவாசலுக்கும் ஹிழ்ர் (அலை) அவர்களுடைய பெயரோடு தொடர்புண்டு என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எம்பெக்கே தேவாலயமும் கதிர்காமக் கடவுளுடையது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே திசைக்கு யாத்திரை போகிற நாட்டில் பிறந்தவரால்தான் அப்படியொரு கட்டுரையை எழுத முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனசு வலிக்கிற ஒரு செய்தியும் உண்டு. தான் தேடிச் சேர்த்த ராஜபுத்திர ஓவியங்களையும் சிற்பங்களையும் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்தால் அப்படியே தந்துவிடுகிறேன் என்று இந்தியாவிடம் கேட்டார். கட்டடத்துக்குப் பணம் சேரவில்லை. முதல் உலகப் போர் வந்தது. இந்தியாவை அடிமையாக வைத்திருக்கும் ஆட்சிக்காகப் போரிட மாட்டேன் என்று மறுத்தார். இங்கிலாந்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சேகரிப்பு பொஸ்டனுக்குப் போனது, அவரும் போனார். அங்கே முப்பது வருடம். 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு, 1934இல் ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்று நூல் மேல் நூல். 1947 ஓகஸ்டில் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், ஓய்வு பெற்று இந்தியாவுக்கே திரும்பப் போகிறேன் என்று அறிவித்தார். செப்டெம்பர் 9ஆம் திகதி காலமானார். இலங்கை சுதந்திரம் பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

கொழும்பு ஏழில் முன்பு கிறீன் பாத் என்றிருந்த தெருவுக்கு அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் கலா பொல என்ற ஓவியச் சந்தை அங்கே கூடுகிறது. ஓவியர்கள் மரத்தடியில் நின்று தாங்களே விற்கிறார்கள். அவருக்கு மிகப் பொருத்தமான நினைவுச் சின்னம் அது. ஆனால் அவர் நடந்து திரிந்த கண்டிக் கிராமங்களில் அவர் பெயர் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் அக்குறணைப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் நுவரெலியாவும் காலியும்தான் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளை எம்பெக்கேக்கும் லங்காதிலக்கவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். அமுனுகமப் பக்கம் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் வெஸ்ஸந்தர ஜாதகக் கதை சுவர் முழுக்க ஓடுகிறது. டோர்ச் லைட் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே இருட்டு. சுவரைத் தொட வேண்டாம், பிளாஷ் போட வேண்டாம், இடமிருந்து வலமாகக் கதையைப் பின்தொடரச் சொல்லுங்கள். மாத்தளை அரக்கு வேலைக்காரரிடம் ஒரு சிறு பெட்டியாவது பேரம் பேசாமல் வாங்குங்கள். குமாரசுவாமியின் பழைய நூல்கள் பலவும் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ‘சிவ நடன’க் கட்டுரைகளைத் திறவுங்கள், அடுத்து ‘மெடீவல் சிங்களீஸ் ஆர்ட்’. படம் மட்டும் பார்த்தாலும் போதும், போன் திரையில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தவுலகல பஸ்ஸைப் பிடியுங்கள்.